நான்தான் எடைக்கல்

மார்ச் 4, செவ்வாய்

அவர் டிப்போவிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். இத்தனை வருடமாகப் பஸ் ஓட்டுகிற மனிதர். பிரேக் பிடிக்காமல் போன கதையைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். இன்று சிரிக்கவில்லை. டிப்போ கிளினிக்கில் பிரஷர் பார்த்திருக்கிறார்கள். 158/98. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மே ஆறாம் தேதி மறுபடி மெடிக்கல். அன்றைக்கும் இப்படியே இருந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி எங்காவது மூலையில் உட்கார வைத்துவிடுவார்களாம்.

"அந்த நர்ஸம்மா கையில கட்டுற பட்டையை எடுத்துட்டு வந்தாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அதனாலதான் ஏறுது" என்றார்.

"அப்போ நர்ஸம்மா இல்லாம வீட்லயே பாத்துடலாம்" என்றேன். டாக்டரும் அதையேதான் சொன்னாராம். ஒரு மிஷின் வாங்கிக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வரவேண்டுமாம்.

வேலை போகுமே என்பது ஒரு கவலை. என் பயம் வேறு. இவருடைய அண்ணன் நாற்பத்தொன்பது வயதில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது விழுந்தவர். பக்கவாதம். போய்ச் சேரும்வரை ஜன்னலோரக் கட்டிலிலேயே கிடந்தார். வாயோரம் துடைத்துவிடக்கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது. இவருக்கு வருகிற மாதம் நாற்பத்தொன்பது முடிகிறது.

மிஷின் வாங்குவது என் பொறுப்பு. தராசு பழுதுபார்க்கும் பட்டறையில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அளக்கிற சாமான் எதையும் இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் வாங்குவதில்லை. தெர்மாமீட்டர் வாங்கினபோதுகூட மூன்றை ஒரே டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திப் பார்த்து, ஒத்துப்போகாத ஒன்றைக் கடைக்காரரிடம் திருப்பி நீட்டியவள் நான். அதிலிருந்துதான் இவர் என்னை இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிடுவது.

மார்ச் 6, வியாழன்

பட்டறை முடிந்து மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் சின்ன வயசு, ஆனால் விஷயம் தெரிந்தவள். எப்போதும் பேனாவைக் காதில் செருகியிருப்பாள்.

"மணிக்கட்டுல கட்டுறது வேண்டாம்க்கா. கையை நெஞ்சு உயரத்துல பிடிக்கலைன்னா இஷ்டத்துக்குக் காட்டும். மேல்கைல கட்டுறதா வாங்குங்க. இந்த மாடல் டாக்டருங்க சோதிச்சுப் பாத்து ஒத்துக்கிட்டது. விலையும் அப்படி ஒண்ணும் கடிக்காது."

"யாருக்கு?" என்று கேட்டாள். வீட்டுக்காரருக்கு என்றேன். "கை சுற்றளவு எவ்ளோ இருக்கும்? பட்டை அளவு பொருந்தணும். சின்னதா இருந்தா ஜாஸ்தி காட்டும், பெருசா இருந்தா கம்மியா காட்டும்."

அளந்து வரவில்லை. என் பிழைப்பே அளப்பது, இதை அளக்காமல் போய் நிற்கிறேன். அவளிடம் அதைக் காட்டிக்கொள்ளாமல் "சாதாரணக் கைதான்" என்று சொல்லி வைத்தேன். நடுத்தர அளவுப் பட்டை வைத்துக் கொடுத்தாள். பொருந்தாவிட்டால் பெரியது தனியாகத் தருகிறாளாம்.

நாளைக்குச் சோதனை. இன்று கண் எரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

நினைத்தது சரியாகப் போயிற்று. மிஷின் உதவாது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதி வைக்கிறேன், மகள் சின்னவள் பின்னால் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும். பட்டறைக்கு ஒரு தராசு வந்தால் முதலில் என்ன செய்வோம்? எடை தெரிந்த கல்லை வைப்போம். ஐந்து கிலோக் கல்லை வைத்து ஐந்து காட்டினால்தான் அது தராசு. எடை தெரியாத மூட்டையை வைத்துத் தராசு சரியா என்று எவனாவது பார்ப்பானா? இவருடைய பிரஷர் அந்த மூட்டை. இன்றைக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் வீட்டில் எடை தெரிந்த கல் எது?

நான்தான். எனக்கு 120/80. சின்னவள் பிறந்தபோது பார்த்தார்கள். "புத்தகத்துல போட்டிருக்கிற பிரஷர் இது" என்று அந்த நர்ஸ் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை எனக்காக மிதித்ததே இல்லை. சின்னவளுக்கு இப்போது பதினேழு. ஒரு கெட்ட பழக்கம் உண்டா, உடம்பில் ஒரு கைப்பிடி சதை உண்டா? காற்றடித்தால் பறந்துவிடுவாய் என்பார் இவர்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். காலைப் பின்னாமல், கையை மேஜைமேல் வைத்து, பேசாமல், பெட்டிக்குள் இருந்த சீட்டில் போட்டிருந்தபடி எல்லாம் செய்தேன். 168/104.

மறுபடி. 171/106.

ஐந்து நிமிடம் விட்டு மறுபடி. 166/102.

சிரித்துவிட்டேன். இவருக்குக் கட்டினேன், 164/100. "என்னைவிட உனக்கு ஜாஸ்தியா இருக்கே. நீ மெடிக்கலுக்குப் போ, நான் உன் பட்டறைக்குப் போறேன்" என்றார். சின்னவளும் சிரித்தாள்.

ஐம்பது கூட்டிக் காட்டுகிற தராசை எந்தக் கடையில் வைப்பது? பட்டறையில் செய்கிற மாதிரியே பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் எடுத்து மிஷின் முதுகில் ஒட்டினேன். "தப்பாகக் காட்டுகிறது. ஏற்க முடியாது" என்று எழுதி, கீழே தேதி, என் சுருக்கக் கையெழுத்து.

மார்ச் 8, சனி

மருந்துக்கடைப் பெண் ஸ்டிக்கரைப் பார்த்ததும் பட்டையைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டாள். 112/74. "எனக்குச் சரியாத்தான் காட்டுதுக்கா. போன வாரமும் இதேதான் இருந்துச்சு."

"உனக்குச் சரியா காட்டி எனக்குத் தப்பா காட்டினா அது சரியான மிஷினா?"

கடையில் ஆள் இருந்ததால் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க. ஒருவேளை உங்களுக்கு நெஜமாவே இருந்தா? ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. மிஷினில் கோளாறு என்றால் ஆளைக் கோளாறாக்குகிறாள். தராசு தப்பு என்று நாங்கள் சொன்னால் கடைக்காரர்களும் இப்படித்தான், அரிசியைக் குறை சொல்வார்கள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மிஷினைப் பத்தி மட்டும் பேசு" என்றேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மிஷினைக் கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றாள். அனுப்பட்டும்.

படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்வையோ.

மார்ச் 10

பின்மண்டையில் வலி. கண்ணாடி பவர் மாற்ற வேண்டும்போல.

மார்ச் 13, வியாழன்

கிடைத்தது! பஸ் நிலையத்தின் பின்னால் சார்ஜரும் டார்ச்சும் விற்கிற கடையில். மருந்துக்கடை விலையில் பாதிகூட இல்லை. பட்டை பெரியது, அதுவே போதும் இவர் கைக்கு. நேற்று டேப் வைத்து அளந்துவிட்டேன். சாதாரணக் கை என்று சொன்னதற்கு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவு பருமன். வருடக்கணக்காக ஸ்டியரிங் பிடித்த கை.

வீட்டுக்கு வந்து முதலில் நான். பட்டை என் கையில் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போயிற்று, இழுத்துப் பிடித்து ஒட்டினேன். 121/79. மறுபடி 122/80. மறுபடி 120/79.

கல்லை வைத்தால் கல்லின் எடை. இதுதான் மிஷின்.

இவருக்கு 129/82. மாத்திரை வேலை செய்கிறது. நர்ஸம்மா இல்லாததும் ஒரு காரணம். இவர் முகத்தில் ஒன்பது நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. தலைவலிகூடக் குறைந்த மாதிரி.

மார்ச் 21, வெள்ளி

காலையும் மாலையும் பார்ப்பது இப்போது வீட்டில் பல் விளக்குகிற மாதிரி ஆகிவிட்டது. முதலில் நான், பிறகு இவர். தினமும் கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மூட்டையை ஏற்றுவது. நான் 121, இவர் 128. நான் 119, இவர் 127.

சமையலில் உப்பைப் பாதியாக்கிவிட்டேன். இவர் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறார், பாவம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. என் தட்டில் மட்டும் மேலே தூவிக்கொள்கிறேன். பட்டறையில் இருக்கவே இருக்கிறது உப்புக்கடலை. பொட்டலம் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கும்.

"உனக்கென்ன, இரும்பு" என்கிறார்.

ஏப்ரல் 5, சனி

பட்டறையில் மூக்கிலிருந்து ரத்தம். மீன்கடைத் தராசு ஒன்றின் மூடியைத் திறந்து குனிந்திருந்தேன், தட்டின்மேல் சொட்டியது. தராசில் ஒட்டியிருந்த பழையது என்று நினைத்துத் துடைத்தேன், மறுபடி சொட்டியது. என்னுடையது.

கண்ணாடி அண்ணன் ஓடிவந்து ஈரத்துணி கொடுத்தார். எங்கள் பட்டறையில் மூத்தவர், மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, அதனால் அந்தப் பெயர். "என்ன தங்கச்சி, பிரஷர் கிஷர் பாத்தியா?"

"தினமும் ரெண்டு வேளை பாக்கறேன்ணே. நூத்தி இருபதுக்கு எண்பது."

"மிஷின் சரியா?"

"நானே சோதிச்சு வாங்கினது."

"எதை வெச்சு சோதிச்சே?"

சொன்னேன். நெற்றிக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தார், அதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

வெயில். பட்டறைத் தகரக் கூரை. யாருக்குத்தான் சில்லுமூக்கு உடையாது? வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். 122/80. போதுமா?

ஏப்ரல் 11, வெள்ளி

சண்டை. இவர் மாத்திரையை நிறுத்தப் போகிறாராம்.

"ஒரு மாசமா நூத்தி முப்பதைத் தாண்டல. எதுக்கு இன்னும் முழுங்கணும்? அதைப் போட்டா மத்தியானம் அசத்துது. பஸ் ஓட்டுறவனுக்குத் தூக்கம் வந்தா நல்லதா?"

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"மிஷின் சொல்லுது. நீ சோதிச்ச மிஷின்."

எனக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வந்துவிட்டது. ஜன்னலோரம், அவருடைய அண்ணன், ஒரு பக்கம் இறங்கின வாய். கத்தினேன். நானே எதிர்பார்க்காத அளவுக்குக் கத்தினேன். மிஷின் என்ன வேணா சொல்லட்டும், நீங்க நிறுத்தினா நான் டிப்போவுக்கு வந்து சொல்லிடுவேன், பஸ்ஸையே எடுக்க விடாதீங்கன்னு சொல்லிடுவேன். கத்தும்போது காதுக்குள் புஸ் புஸ்ஸென்று யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரிச் சத்தம்.

கடைசியில் மெடிக்கல் முடிகிறவரை போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். இனி என் கையாலேயே கொடுத்து, விழுங்குகிறாரா என்று நின்று பார்க்கப்போகிறேன். பிறகு அவரே வந்து தோளைத் தொட்டு, "ஏம்மா இப்படி மூச்சு வாங்குது உனக்கு?" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சின்னவள் ஒரு வேலை செய்தாள். மாடிப்படியில் மேலும் கீழும் மூச்சிரைக்க ஓடிவிட்டு வந்து, பட்டையைக் கட்டிக்கொண்டாள். 121/80.

"அம்மா, எனக்கு இதயம் வெளிய வந்து விழுற மாதிரி அடிக்குது. இதுல ஏறவே இல்ல. கையை நல்லா முறுக்கிப் பாத்தேன், அப்பவும் நூத்தி இருபத்தொண்ணு. இது எல்லாருக்கும் நூத்தி இருபது சொச்சம்தான் காட்டுதும்மா."

"எல்லாரும் நல்லா இருக்கோம், ஒரே மாதிரி காட்டுது. விளையாட்டுச் சாமானா இது? எடுத்து வை."

முகம் சுண்டிப்போய் எடுத்து வைத்தாள். பாத்திரம் கழுவும்போது அதுவே மண்டையில் ஓடியது. பட்டறையில் முள் சிக்கிக்கொண்ட தராசு வரும். ஒரு கிலோ வைத்தாலும் இரண்டுதான், மூன்று வைத்தாலும் இரண்டுதான். இரண்டு கிலோ மட்டும் வைத்துப் பார்த்தால் அதுபோல ஒழுங்கான தராசு உலகத்தில் கிடையாது. அதனால்தான் ஒரே கல்லோடு நிறுத்தக் கூடாது என்பது. புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

சரி. அப்படியே இருந்தாலும் என் எடை மாறிவிடுமா? எனக்கு 120/80. அது 120/80தான்.

தூங்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

கை நழுவிவிட்டது.

மளிகைக்கடைத் தராசுக்கு ஐந்து கிலோக் கல்லை எடுத்தேன். வருடக்கணக்கில் எடுக்கிற கல். வலது கை திடீரென்று என்னுடையதாக இல்லை. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. விரல் இருக்கிறது, கல்லைப் பிடித்திருக்கிறது, பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை. தரையில் விழுந்த சத்தத்தில்தான் விட்டுவிட்டேன் என்றே தெரிந்தது. நல்லவேளை, கால்மேல் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் கை பழையபடி ஆகிவிட்டது.

கல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுற்றிப் பார்த்தேன், விளிம்பில் பெயிண்ட் மட்டும் போயிருந்தது. துடைத்து, அதையே வைத்து மளிகைக்கடைத் தராசைச் சரிசெய்து அனுப்பினேன்.

கையை மடக்கிப் படுத்ததில் நரம்பு பிடித்திருக்கும். வீட்டில் சொல்லவில்லை. இவர் கவலைப்பட்டால் பிரஷர் ஏறும், இன்னும் பன்னிரண்டு நாளில் மெடிக்கல். மிஷினில் 120/80 வந்தது. அதைப் பார்த்ததும் மனசு ஆறிற்று.

ஏப்ரல் 28

மருந்துக்கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன், ஏன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் என்ன செய்துவிடுவாள்?

மே 2, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மளிகைக்கடைக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை. அவர் கடையில் வாங்கினதை அடுத்த கடையில் வைத்தால் எடை குறைகிறதாம். ஜனங்கள் திருடன் என்கிறார்களாம். கண்ணாடி அண்ணன் தராசைப் பிரித்து, ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. நானும் பார்த்தேன். குறையில்லை.

அப்புறம் அவர் குனிந்து என் மேஜைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஈயத் துண்டு. ஐந்து கிலோக் கல்லைத் தலைகீழாகத் திருப்பினார். இரும்புக் கல்லுக்கு அடியில் ஒரு குழி இருக்கும், எடையைக் கச்சிதமாக்க அதில் ஈயம் நிரப்பியிருப்பார்கள். குழி காலியாக இருந்தது. அன்றைக்கு விழுந்ததில் தெறித்திருக்கிறது. நான் சுற்றிப் பார்த்தேன், மேலே பார்த்தேன், அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

எடை குறைந்த கல்லை வைத்து, அது முழு ஐந்து என்று தராசுகளுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு வாரத்தில் போன எல்லாவற்றையும் திரும்பக் கூப்பிட வேண்டும். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடி அண்ணன் என்மேல் கோபப்படவில்லை. மளிகைக்கடைக்காரரிடம்தான் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "தராசு மேல ஒரு தப்பும் இல்லைங்க. அது உள்ளதைத்தான் சொல்லுது. கல்லுலதான் தப்பு. கல்லை யாரும் திருப்பிப் பாக்கல."

முதல் மிஷின் ஞாபகம் வந்தது.

168/104. 171/106. 166/102.

அந்தப் பெண் கையில் 112. எனக்கு 168. மிஷின் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான்... நான்தான் கல்லு. பதினேழு வருஷமா யாரும் திருப்பிப் பாக்காத கல்லு. மூணு தடவை சொல்லுச்சு, மூணு தடவையும் சிரிச்சேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன். எல்லாருக்கும் நூத்தி இருபது சொச்சம் காட்டுற ஒரு பொம்மையை நடு வீட்டுல வெச்சுக் கும்பிட்டுட்டு இருக்கேன்.

வீட்டுக்கு வந்து பட்டையைக் கட்டிப் பார்த்தேன். முன்பு கவனிக்காததைக் கவனித்தேன். கட்டின பிறகும் என் நான்கு விரல் உள்ளே போகிறது. அந்தப் பெண் முதல் நாளே சொன்னாளே, பெரிய பட்டை கம்மியாகக் காட்டும் என்று. 121/79. துணியைக் கிழிக்கிற மாதிரிப் பட்டையை இழுத்து எடுத்தேன்.

அப்படியென்றால் மூக்கு. கை. காதில் அந்தச் சத்தம். என் அம்மாவும் சமையலறையில் விழுந்துதான் போனாள். தரை ஈரம், வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஈரமாகவா இருந்தது?

இப்போதே டாக்டரிடம் போக வேண்டும். போனால் இவருக்குத் தெரியும். தெரிந்தால் இவர் தூங்கமாட்டார், சாப்பிடமாட்டார், செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா பட்டையைக் கட்டும்போது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டு மிஷினில் வந்ததெல்லாம் பொய் என்றும் இவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். மாத்திரை ஒன்றுதான் இப்போது நிஜம். அது மட்டும் ஒழுங்காகப் போயிருக்கிறது, என் கண் முன்னால்.

நாலு நாள்தான். இத்தனை வருடம் ஓடின வண்டி நாலு நாள் ஓடாதா? செவ்வாய் இவருக்கு மெடிக்கல். புதன்கிழமை காலையில் முதல் ஆளாக நான் போகிறேன். சத்தியமாக.

மே 4, ஞாயிறு

உப்புக்கடலைப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். தலை கனக்கிறது. சின்னவள் இரண்டு முறை கேட்டுவிட்டாள், "என்னம்மா, ஒரு மாதிரியா இருக்கே?" என்று. எழுத்து சில நேரம் இரண்டாகத் தெரிகிறது, இந்த வரியையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மே 5, திங்கள்

இவருடைய சீருடையை இஸ்திரி போட்டு வைத்தேன். வெளியே போகலாம் வா, காற்று வாங்கினால் நாளைக்கு நல்லபடி இருக்கும் என்று கூப்பிட்டார். தெருமுனை வரை நடந்தோம். இவர் பேசிக்கொண்டே வந்தார், நான் கால் வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். "என்ன இன்ஸ்பெக்டரம்மா, சத்தத்தையே காணோம்?" என்றார். புதன்கிழமை சொல்கிறேன் என்றேன். "என்ன புதன்கிழமை?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

மே 6, செவ்வாய்

கிளம்பிவிட்டார். மாத்திரையைக் கொடுத்து, விழுங்குகிறவரை நின்றேன். முடிந்ததும் பட்டறைக்குப் போன் செய்கிறேன், போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள் என்றார். வைத்துக்கொள்கிறேன். நானும் கிளம்ப வேண்டும். திரும்பி வந்த தராசுகள் குவிந்து கிடக்கின்றன.

ஜூலை 13, ஞாயிறு

இடது கை. ஒரு வரிக்கு ரொம்ப நேரம் ஆகிறது. கோணல்.

அன்றைக்குப் போன் அடித்ததாம். மேஜைமேல் இருந்ததாம். நான் மேஜைக்குக் கீழே. கண்ணாடி அண்ணன்தான் எடுத்திருக்கிறார். இவர் "பாஸ் ஆயிட்டேன், 134/84" என்று அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அண்ணனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையாம்.

தராசுகள் எல்லாம் சரிசெய்து போய்விட்டனவாம். நேற்று அண்ணன் வந்து சொன்னார்.

என் கட்டில் ஜன்னலோரம். காற்று வரும் என்று சின்னவள் போட்டாள். அவளுக்குப் பெரியப்பாவை ஞாபகம் இருக்காது. இவருக்கு இருக்கும். என் வாயோரத்தைத் துடைத்துவிடுகிறார்.

பேச்சு வருகிறது, பாதி. மாத்திரையை இப்போது அவர் கொடுக்கிறார், விழுங்குகிறேனா என்று நின்று பார்க்கிறார். மத்தியானமே முடிகிற ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறார். எனக்காக.

இன்று மருந்துக்கடையிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். அந்தப் பெண் கொடுத்தனுப்பினாள். கம்பெனிக்குப் போய், குறையில்லை என்று திரும்பி வந்ததாம். வேறு யாருக்கும் விற்க மனசு வரவில்லையாம். பட்டை என் கைக்குச் சரியாக இருக்கிறது. கட்டினார். 136/84. டாக்டர் நேற்றுப் பார்த்தபோதும் அவ்வளவுதான்.

மிஷினைத் திருப்பினார். முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. தப்பாகக் காட்டுகிறது. ஏற்க முடியாது. தேதி. கையெழுத்து.

"இதை உரிச்சிடவா?" என்றார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். ஒவ்வொரு எழுத்தும் நேராக, பட்டறையில் எல்லோரும் பார்த்து எழுதுகிற மாதிரி இருக்கிறது. அது என் வலது கை எழுதியது.